சக்கரத்தைக் கழற்றி வைப்பது

மிடாலத்துக் கோயிலை
இருபத்திரண்டு வருசமாய்த் துடைக்கிறேன்.
கோயில்பிள்ளைக்குக் கடவுளைவிட
மணலைத்தான் நன்றாகத் தெரியும்.
ஆனிக் காற்றில் வருவது கறுப்பு மணல்,
நனைந்தால் துடைப்பத்தை விடாது.

டெல்பின் கொடிமரத்தடியில் இருப்பாள்.
நிழல் நகர நகர
நாற்காலியை உருட்டி உருட்டிப் பூசை காண்பாள்.
நற்கருணையைச் சாமியார்
படியிறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.
வழிவிட்டு ஒதுங்கி நிற்போம்.
எவ்வளவு நல்ல ஊர் எங்கள் ஊர் என்று
அப்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஒரு திருவிழாவுக்கு வாலிபர்கள் நாலுபேர்
அவளை நாற்காலியோடு தூக்கினார்கள்.
கூட்டத்தில் கைதட்டல்கூட.
மேல்படியில் இறக்கி வைத்ததும்
விலகிய சேலையைக் கணுக்காலுக்கு இழுத்தபடி
சொன்னாள்:
“செத்தா எப்பிடியும் தூக்கத்தான் போறிய.
அதுவரைக்கும் நானே வாறேன்.”

பங்குப் பேரவை
அந்த வாரம் கொடிமரத்தடியிலேயே கூடியது.
ஆறு படி, மூன்றடி உயரம்.
அடிக்குப் பன்னிரண்டடி சரிவு ஓடணும் என்றான்
கொத்தனார் தாசையன்.
முப்பத்தாறடி.
படியின் பளிங்கில் பெயர் வெட்டிய குடும்பங்கள்
இரண்டு கூட்டம் முகம் கொடுக்கவில்லை.
மூன்றாவதில் சரி என்றன.

சரி என்னாதவன் நான்.
“செருப்ப வெளிய விட்டுட்டுத்தான்
எல்லாரும் உள்ள போறோம்.
சக்கரம் எங்கெல்லாமோ உருண்டுட்டு வருது.”

சாமியார் கண்ணாடியைத் துடைத்தார்.
வள்ளக்காரன் பெர்க்மான்ஸ் கேட்டான்,
“அது செருப்பா ஓய், காலா?”
யாரோ சிரித்து, நிறுத்தினார்கள்.

டெல்பின் என்னைத்தான் பார்த்தாள்.
“ஏழு வயசுல இருந்து இதுலதான் நடக்கேன் அண்ணே.
கழற்றி வைக்க எனக்குத் தெரியல்ல.
நீங்க காலைக் கழுவிட்டா போறிய?”

என் விரலிடுக்கில்
கறுப்பாக இருந்தது.

தவக்காலத்தில் சரிவு கட்டி முடிந்தது.
முதல் ஞாயிறு அவள் உள்ளே வந்தாள், தானே உருட்டி.
நடுவழியில் நின்றாள்.
எங்கே இருப்பாள் என்று
ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.
பெஞ்சுக்குப் பெஞ்சு ஒட்டிக் கிடந்தது.
நன்மை வாங்கப் போன வரிசை
ஆற்றில் பாறையைச் சுற்றுவதுபோல்
அவளைச் சுற்றிப் போனது.

மறுநாள் ஒரு பெஞ்சைப் பாதியாய் அறுத்தோம்.
அரம்பத்தின் மறுமுனை என் கையில்.
மிச்சப் பாதியில் இப்போது
அவள் தங்கை ஃபாபியோலா,
ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு
அக்காளோடு தோளுரசி.

வாசகம் வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள்.
பீடத்துக்கு இன்னும் மூன்று படி.
பதினெட்டடிக்கு அங்கே இடமில்லை.
தாசையன் அளவுநாடாவோடு
வாரம் ஒருமுறை வந்து பார்த்து
தலையைச் சொறிந்துவிட்டுப் போகிறான்.
வாசிக்கும் மேசையையே கீழே இறக்கினால் என்ன என்று
நேற்றுக் கேட்டேன். நான்தான்.

சரிவு தொடங்கும் இடத்தில்
குழாயருகே ஒரு பழந்துணி தொங்கவிட்டிருக்கிறேன்,
சக்கரத்துக்கு.
முதலில் அதை எடுத்தது பெர்க்மான்ஸ்.
கடலிலிருந்து நேரே வந்திருந்தான்.
ஒரு காலைத் தூக்கி, சுவரைப் பிடித்து,
உள்ளங்காலைத் துடைத்தான்.
பிறகு மற்றதை.