ஒன்றரை அடி

காம் தெ மாஸ்க்கில் எல்லோருக்கும் தெரியும்,
எனக்கும் என் ஓர்ப்படி மாணிக்கத்துக்கும்
ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
கோழி மட்டும் போகும், வரும்.

வழக்கு ஒன்றரை அடி நிலத்துக்கு.
மாமனார் இருந்த காலத்தில்
அங்கே வேலி கிடையாது, அயாபனா இருந்தது.
நான் நட்டதென்கிறது என் வக்கீலின் காகிதம்.
அவள் நட்டதென்கிறது அவள் வக்கீலின் காகிதம்.
இரண்டும் இங்கிலீஷில் இருக்கின்றன.
செடிக்குப் படிக்க வராது,
எங்களுக்கும்.

காய்ச்சலுக்குச் சித்ரனெல் அவள் பக்கம்,
ரத்தக் கொதிப்புக்கு முருங்கை என் பக்கம்.
அவற்றில் தகராறில்லை.
இதுதான் நடுவில் முளைத்துத் தொலைத்தது.
மெலிந்த இலை; நடுநரம்பு மட்டும்
வெற்றிலை போட்ட உதடுபோல் சிவந்திருக்கும்.
போன சூறாவளியில் தகரம் பறந்தது, வாழை முறிந்தது,
இது சேற்றில் படுத்திருந்து எழுந்துகொண்டது.

வயிறு கலங்கினால் ஏழு இலை,
குழந்தைக்கு மூன்று.
அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது,
கொதித்த தண்ணீரை மேலே ஊற்றி
மூடிவைக்க வேண்டும்.
சர்க்கரை போடுகிறவர்கள்
நாக்குக்காகக் குடிக்கிறார்கள்.

கரும்பு வெட்டும் மாதங்களில் தெருவே வரும்:
செலம்பரத்தின் மகன், ரொட்டிக்கடை மூசா,
மேல் ரோட்டு மதாம் கிளேர்.
காலையில் என்னிடம் கேட்டுப் பறித்தவர்கள்
மாலையில் அவளிடமும் கேட்டுப் பறிப்பார்கள்,
சாட்சிக்கு இழுத்துவிடப் போகிறார்களே என்று.

எங்களுக்குள் ராத்திரிதான்.
அவள் பின்கதவு முனகினால்,
ஈரத்தில் செருப்புச் சத்தம் கேட்டால்,
நான் இருமமாட்டேன்.
விடிந்ததும் எண்ணிப் பார்ப்பேன்: மூன்று காம்பு.
அப்படியென்றால் சின்னவனுக்கு.
மத்தியானம்வரை அவன் அழுகிறானா என்று
காது அந்தப் பக்கமே கிடக்கும்,
வழக்குப் போட்டவளின் காது.

போன செவ்வாய் ஃபிளாக்கிலிருந்து
நில அளவைக்காரர் வந்தார், மொசியே பெரின்,
முக்காலி, சங்கிலி, சிவப்புக் குச்சிகள்.
வழியில் எட்டு காத்தோ பிமான்
(அவரே பிறகு சொன்னது).
மூன்றாவது குச்சியை அடிக்கும்போது
முகம் வெளுத்து, மீசை வியர்த்து
உட்கார்ந்துவிட்டார்,
வழக்கில் இருக்கும் மண்ணிலேயே.

நான் ஓடிப்போய்க் கெட்டிலை வைத்தேன்.
திரும்பினால் மாணிக்கம் குனிந்து
கிள்ளிக்கொண்டிருக்கிறாள்,
பட்டப்பகலில், என் கண்முன்.
ஐந்து, ஆறு, ஏழு.
"பெரிய உடம்பு, எட்டாக இருக்கட்டும்" என்றேன்.
செடியைப் பார்த்துத்தான் சொன்னேன்.
அவளும் செடி சொன்னதுபோல
எட்டாவதைக் கிள்ளினாள்.

என் தண்ணீர், அவள் கோப்பை.
மூடத் தட்டு எடுத்துவர இருவரும் நகரவில்லை;
பெரினே தன் நோட்டுப் புத்தகத்தை
மேலே வைத்தார்.

அரைமணியில் ஆள் எழுந்தார்.
புத்தகத்தை விரித்தால் ஆவி ஏறி
நீல மையில் எண்கள் ஒன்றையொன்று
கட்டிக்கொண்டு கிடந்தன.
அடுத்த மாதம் மறுபடி அளக்கவேண்டுமாம்.
கூலி ஆளுக்குப் பாதி.

யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.
மருந்துக்குச் சொன்னால் பலிக்காது.
அவள் கோப்பையைக் கழுவி
மூன்றாவது குச்சியின் தலையில்
கவிழ்த்து வைத்தேன்.

காலையில் கோப்பை இல்லை.
குச்சி இருந்தது,
கொஞ்சம் சாய்ந்து,
எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.