செட்டில்

நன்னிலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேஜை போட்டு
நாளைக்கு நாற்பது தடவை
இந்தச் சொல்லை அடிக்கிறேன்.

வெள்ளைக்காரன் சங்கிலி பிடித்து
வரப்பேறி வந்த காலத்தில்
அது நிலத்துக்கு மட்டும் நடந்தது.
யார் பேரில், எத்தனை குழி, என்ன கிஸ்தி,
எழுதி முடித்தால் ஊர் செட்டில்.
ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

அப்புறம் கடனுக்கு வந்தது.
தாளடி அறுத்த மறுநாள்
உரக்கடை ஜெகபர் சாதிக் சிட்டையைப் பிரித்து
'பழசைச் செட்டில் பண்ணிட்டு யூரியா எடுங்க' என்பார்.

இதையே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு
மணல் லாரிக்காரன் சொன்னபோது
ஒரு வி.ஏ.ஓ.
மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று
அத்தைமார் அடுப்படியில் கிசுகிசுத்தார்கள்:
'பையன் செட்டில் ஆயிட்டாரா?'
வேலை, வீடு, வண்டி,
தங்கச்சிக்குக் கல்யாணம் முடிந்தது வரை
அந்த ஒரு சொல்லுக்குள்.
ஆகியிருந்தார்.
நான்தான் ஆகவில்லை.

இன்று உத்திராபதி வந்திருக்கிறார்.
ஆறு வருஷத்துக்கு முன் இதே ஸ்டூலில் உட்கார்ந்து
மகனுக்கு ஏழு மா நிலத்தை
'இயற்கையான அன்பினாலும் பிரியத்தினாலும்'
தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தவர்.
(அந்த வரி கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும்.
நான் பேரை மட்டும் மாற்றுவேன்.)
மகன் ஷார்ஜாவில் செட்டில்.
போன் எடுப்பதில்லை.
வயலில் மஞ்சள் கல் நட்டிருக்கிறது.

ரத்துக்கும் ஒரு படிவம் உண்டு.
திறந்து, பழைய ஆவண எண் போட்டு,
சர்வே நம்பர் போட்டு,
பாதி வந்துவிட்டேன்.

எழுத்துக் கூட்டி ஸ்க்ரீனையே
பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:
'பிரியத்தையும் ரத்துன்னு போடணுமாம்மா?'

படிவத்தில் அதற்கு இடமில்லை.
போட வேண்டாம் என்றும் எழுதவில்லை.

முடிகொண்டானில் நேற்று ராத்திரி தண்ணீர் வந்தது.
மண்ணெல்லாம் மேட்டூரிலேயே செட்டில் ஆகிவிடுகிறதாம்,
பொதுப்பணித்துறைக்காரர் சொன்னார்.
இருந்தும் முதல் தண்ணீர்
கலங்கித்தான் வருகிறது.

'தெளியட்டும், அப்புறம் பார்ப்போம்.'
ஆற்றைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஐம்பது ரூபாயை மேஜையில் வைத்தார்.
எதுக்கு, இன்னும் முடியலையே என்றேன்.

'இதுவரைக்கும் அடிச்சதுக்கு.'