அரையால் வகுத்தல்

வந்து படித்தால் ஒரு ரேட்டு,
வராமல் படித்தால் இன்னொரு ரேட்டு என்றார் பொங்கியண்ணன்.
அவர் மேசைக் கண்ணாடியின் கீழ்
முருகனும் கல்லூரி முதலாளியும் ஒரே அளவுப் படத்தில்.
வராததற்குத்தான் ரேட்டு அதிகம்.
"அட்டெண்டன்சு, ரெக்கார்டு, டீச்சிங் பிராக்டீசு
அல்லாம் நாங்களே பார்த்துக்குவமுங்க.
பரீட்சைக்கு மட்டும் வாங்கொ, போதும்.
உங்களாட்ட வேலைக்குப் போறவங்கதான் இங்க முக்காவாசி."

ஊத்துக்குளி தாண்டி, முதலில் பார்த்த கல்லூரி அது.
கணிதத்தில் எம்.எஸ்சி. நான்.
குன்னத்தூரில் பனியன் கம்பெனி, செக்கிங் வேலை.
ஓட்டை, கறை, தையல் விட்டது என்று
நாளைக்கு எண்ணூறு பீஸ் திருப்பிப் பார்க்கிற கை
அங்கேயும் தானாகத் தேடியது.
வகுப்பறைக் கதவில் பூட்டு.
பூட்டிலிருந்து நிலைவரை நூலாம்படை.

இரண்டாவது, பெருந்துறை ரோட்டில்.
ஒரே காம்பவுண்டுக்குள் பாலிடெக்னிக், நர்சிங், பி.எட்.,
ஒரு பெட்ரோல் பங்க்.
ஏ.சி. அறையில் ரோஸ்மில்க் கொடுத்தார்கள்.
பஸ் உண்டு, யூனிபார்ம் சேலை மூன்று உண்டு.
நோட்டீசின் பின்பக்கம் தொகையை எழுதி
என் பக்கம் மெல்லத் திருப்பி வைத்தார் ஓர் அம்மா.
மயில்சாமி எட்டிப் பார்த்துவிட்டு
வண்டிச் சாவியை எடுத்தார்.
படியிறங்கும்போது, கல்யாணமான ஆறு வருசத்தில்
அவர் சொன்னதிலேயே சுருக்கமான தீர்ப்பு:
"ரோஸ்மில்க்கு நல்லாருந்துச்சு."

மூன்றாவதற்குத் தனியாகப் போனேன்.
பஸ்ஸில் பூஜ்யம் என்று அச்சடித்த சீட்டைக்
கிழித்துக் கொடுத்தார் கண்டக்டர்.
கோபி பக்கம், வாய்க்கால் ஓரம், ஓட்டுக் கட்டடம்.
ஆபீசில் ஆளில்லை, சாப்பாட்டு நேரம்.
ஜன்னல் வழியே ஒரு வகுப்பு.
தாடி வைத்தவர்கள், தாலி கட்டியவர்கள்,
நிறைமாதக்காரி ஒருத்தி, எல்லோரும்
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்துக்கொண்டிருந்தார்கள்.
போர்டுக்கு முன் சாக்பீஸ் விரல்களோடு ஒரு பெண்:
மூன்றை அரையால் வகுத்தால் ஆறு.
தாடிக்காரர் கை தூக்கினார்.
"டீச்சர், பங்கு வெச்சாக் கொறையத்தானே வேணும்?
எப்புடிப் பெருசாச்சு?"
நடிப்புத்தான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.
தலைகீழாக்கிப் பெருக்கணும், என்றாள்.
"ஏன் டீச்சர்?"
அவள் போர்டைப் பார்த்தாள்.
ஜன்னலுக்கு வெளியே நானும் பார்த்தேன்.
வெக்டர் வெளியும் கலப்பெண்ணும் எழுதித் தேறியவள்.
விடை தெரியும்.
ஏன் என்பதற்கு
வாயில் ஒரு வார்த்தை இல்லை.
காதுவரை சூடு ஏறியது.

மறுநாள் கம்பெனியில்
மூன்று மீட்டர் துணியை
அரை அரை மீட்டராக வெட்டிப் போட்டான் கட்டிங் பையன்.
எண்ணினேன். இன்னொரு தரம் எண்ணினேன்.
பங்கு வைக்கிறதில்லை கண்ணு,
இதுக்குள்ள அது எத்தனை தடவை இருக்குன்னு கேட்கறது.
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.
"யாரு கண்ணு?" என்றாள் பக்கத்து டேபிள் ரஞ்சிதம்.

பொங்கியண்ணன் மூன்று முறை போன் செய்தார்:
ரெண்டே சீட்டுத்தான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்சு.
கவுன்சிலிங்கில் வாய்க்கால் ஓரக் கல்லூரி கிடைக்கும்தான்.
ஆனால் அங்கே போயாக வேண்டும், தினமும்.
ஏலச்சீட்டு, கவினுக்கு ஸ்கூல் பீஸ், வண்டி டியூ.
காலண்டர் தாளின் பின்பக்கம்
எப்படிப் போட்டாலும் கழித்தலாகவே வந்தது.

சூப்பர்வைசர் சென்னியப்பனிடம் கேட்டேன்,
பொழுதோட வந்து ராத்திரி பத்துவரை,
அரை ஷிப்ட் கிடைக்குமா என்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அரை ஷிப்டுன்னா அரைச் சம்பளந்தான் அம்மிணி.
ரெண்டு வருசம் தாங்குமா?"
தெரியலைங்க, என்றேன்.
அரையால் வகுப்பதைப் பற்றி
அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.
ஏழு பத்துக்கு வருகிற அந்த பஸ்
மழை நாளிலும் வருமா என்று மட்டும்
விசாரித்து வைத்திருக்கிறேன்.