பத்தரை மணி நாடி

லியபாயாவில் காற்று கதவைத் தட்டாது,
தள்ளிக்கொண்டு வரும்.
அந்தச் சத்தத்துக்கு நடுவே
இரவு பத்தரைக்கு
விஸ்வால்திஸ் இடது கையை நீட்டுவார்,
ஊசிக்கு நீட்டும் பிள்ளைபோல
முகத்தைத் திருப்பிக்கொண்டு.
நான் மணிக்கட்டைப் பிடிப்பேன்.
சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம்.

ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு ஒன்றுமில்லை.
பிறகு நான்கு ஐந்து ஆறு ஒரே மூச்சில்,
சாக்கு கிழிந்து கொட்டிய உருளைக்கிழங்கு மாதிரி,
எது முன்னே எது பின்னே என்றில்லாமல்.

முப்பத்தோரு வருஷம் டிராம் ஓட்டியவர்.
ஒரு நிமிடம் பிந்தி வந்த நாளில்
சூப்பில் உப்பில்லை என்பார்.
அவர் நெஞ்சுக்குள்ளேயே
கால அட்டவணையைக் கிழித்துப் போட்டிருந்தது.

டாக்டர் தைகா படம் வரைந்தாள்,
மருந்துச் சீட்டின் பின்பக்கம்.
மேலறை துடிக்கவில்லை, நடுங்குகிறது.
நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும்.
தேங்கினால் உறையும்.
பெரிய கட்டி என்றால் வாய் கோணும், கை விழும்,
ஊருக்கே தெரியும்.
கடுகிலும் சிறியது என்றால்
அரவமில்லாமல் மூளைக்குள் ஏறி
ஒரே ஒரு விளக்கை அணைத்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.
"எந்த விளக்கு?" என்றேன்.
"அது வீட்டுக்காரருக்கே தெரியாது."

மாத்திரை, காலையிலும் மாலையிலும்.
சவரம் செய்த நாளெல்லாம் சட்டைக் கழுத்து சிவந்தது.
மேஜை முனை இடித்தால்
தொடையில் பிளம் பழ நிறம், இரண்டு வாரத்துக்கு.
பிறகு ரிகாவில் ஒரு நாள்.
தொடை ரத்தக்குழாய் வழியே கம்பி ஏற்றி
இதயத்துக்குள் சின்னச் சின்னதாய்ச் சூடு வைத்தார்கள்,
தவறான தடத்தில் மின்சாரம் ஓடாதிருக்க.
"எங்கள் பணிமனையில் இதைக்
குடித்துவிட்டே செய்வோம்" என்றார் படுத்தபடி.
நர்ஸ் சிரிக்கவில்லை.

எனக்குக் கேட்காமலிருக்க முடியவில்லை.
அவர் அண்ணன் ஏவால்ட்ஸ்
கடைசி இரண்டு வருஷம் என்னைத் தபால்காரி என்றே நினைத்திருந்தார்.
கடிதம் இல்லையென்றால் அழுவார்.
மளிகைக் கணக்கையாவது நான்காக மடித்துக் கொடுப்பேன்.
"டாக்டர், இனி நினைவு தப்பாதா?"

தைகா கண்ணாடியைக் கழற்றினாள்.
"சிகிச்சை எடுத்தவர்களிடம் மறதி நோய் குறைவாகத் தெரிகிறது.
அது சிகிச்சையாலா,
கொஞ்சம் திடமானவர்களே சிகிச்சைக்கு வந்ததாலா,
எங்களுக்குள் இன்னும் சண்டை.
கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன்."
அந்த ஒரு வாக்கியத்துக்காக
ஒரு ஜாடி காளான் ஊறுகாய் அனுப்பினேன்.

ஆகவே பரீட்சையை நானே வைத்தேன்.
நாடியை நான் எண்ணும்போது
நிறுத்தங்களை அவர் சொல்ல வேண்டும்.
பணிமனை. சர்க்கரை ஆலை. வாய்க்கால் பாலம்.
கோடையெல்லாம் சொன்னார்,
மணியடிப்பதைக்கூட விடாமல்.

அக்டோபரில் ஒரு நாள்.
நாடி அறுபத்து நான்கு, நூல் பிடித்த மாதிரி.
"சந்தை" என்றார். "ஆஸ்பத்திரி" என்றார்.
எனக்கு வயிற்றில் சில்லென்றது.
"நடுவில் பள்ளிக்கூடம்!"

மெல்லத் திரும்பினார்.
"பள்ளிக்கூடம் அடுத்த தெரு, வெல்தா.
அங்கே தண்டவாளமே போட்டதில்லை."

மறுக்க வாயெடுத்தேன்.
பத்தொன்பது வருஷம் அந்தப் பள்ளிச் சமையலறையில்
பானை தேய்த்தவள் நான்.
தினமும் வாசலில் இறங்கி
இறங்கி
எதிலிருந்து?

என் பிடியிலிருந்த கை புரண்டது.
நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் கைப்பிடித்தவர்
இப்போது என் மணிக்கட்டைப் பிடித்தார்,
தடித்த விரலால், சரியான இடம் தேடி.
கடிகாரத்தைப் பார்த்தார்.
உதடு எண்ணியது.
நின்றது.
அவசரமாக எண்ணியது.

"காற்றுச் சத்தம், அதனால்தான்" என்றேன்.

"பேசாதே" என்றார்.
"முதலிலிருந்து."