செவ்வாய்க்கிழமை ஏலம்

செவ்வாய்க்கிழமை
பிரமநாயகம் அண்ணாச்சி கடையிலிருந்து
காசு வெளியே போகாது.
கல்லாவுக்குச் சந்தனம் வைத்துவிட்டு
"நாளைக்கு வாரும்வே" என்றார்.
புதன் காலையில் போனேன்.
மூணு வட்டி. முதல் மாத வட்டி அங்கேயே பிடித்தம்.
வெற்றுத்தாளில் இரண்டு கையெழுத்து,
மச்சினன் சங்கரசுப்புவின் செக் ஒன்று,
வீரவநல்லூரில் எட்டு சென்ட் மனைக்கான பத்திரம்.

கன்னடியன் கால்வாயில் நானூறு மீட்டர் கரைச்சுவர்,
மூன்று மடை, ஒரு படித்துறை.
கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் முடியும் என்றார்கள்.
முடித்தேன்.
தண்ணீர் வந்தது.
பில் வரவில்லை.

கருவூலத்தில் ஞானதிரவியம் சார் சொன்னார்:
"டோக்கன் போட்டாச்சு. பணம் வரணும்.
கவர்மெண்டு இந்த வாரமும் ஏலத்துக்குப் போகுது."
எந்த ஏலம்?
நான் பார்த்தது மீன் ஏலம், குளத்துக் குத்தகை ஏலம்,
பாங்க் வாசலில் அடுத்தவன் நகை ஏலம்,
மாதச் சீட்டில் அவசரக்காரன்
தள்ளித் தள்ளிக் கேட்டு
லட்சத்தை எழுபதாக எடுத்துப் போகும் ஏலம்.
"கிட்டத்தட்ட அந்தச் சீட்டுதான்.
ஆனா இங்க கடன் கொடுக்கிறவன்தான் கேப்பான்.
எவன் கம்மி வட்டி கேக்கானோ அவன்கிட்ட வாங்குவாங்க.
பத்து வருசம், இருபது வருசம்.
ஆறு மாசத்துக்கு ஒருக்க வட்டி,
கடைசி நாள் முழு அசல்.
பத்திரம்னு பேரு, பேப்பர் கிடையாது.
எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு வரி."
ஜாமீன்?
"கவர்மெண்டுக்கு யாருவே ஜாமீன் கேப்பா?"
வட்டி?
"ஏழேகால்."
மாசத்துக்கா?
பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார்.
"வருசத்துக்கு."
எந்தக் கிழமை?
"செவ்வா."

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
எனக்கு வருசத்துக்கு முப்பத்தாறு.
அவர்களுக்கு ஏழேகால்.
பதினோரு மாதமாக அவர்கள் எனக்குத் தரவேண்டிய பாக்கிக்கோ
வட்டி சைபர்.
ஆக, அந்த ஏலத்தில்
யாரும் கூப்பிடாமலே நின்று
எல்லாரையும்விடக் கம்மியாகக் கேட்டவன்
நான்தான்.

கடன் கொடுப்பவர்கள் யாரென்றும் கேட்டிருந்தேன்.
பாங்க், இன்சூரன்ஸ், பிஎஃப்.
என் மனைவி ஆவுடைநாயகி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று
பதினாறு வருசமாய்ப் பிடிக்கிறார்களே, அந்த பிஎஃப்.
அவள் மடியில் முறத்தை வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.
"எனக்குப் பில் வந்தால்
அதில் உன் காசும் கொஞ்சம் இருக்கும்" என்றேன்.
"அப்ப எங்கிட்டயே நேரா கேட்டிருக்கலாம்லா,
ரெண்டு வட்டிக்குக் கொடுத்திருப்பேனே" என்றாள்,
தலை நிமிராமல்.

இருபது வருசம் கழித்து அசலைக் கொடுக்க
அன்றைக்கு இன்னொரு ஏலம் போடுவார்களாம்.
பழைய சீட்டை அடைக்கப் புதுச் சீட்டு.
அதை நான் செய்தால்
சங்கரசுப்பு வீட்டுப் படியேற விடமாட்டான்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனேன்.
பையன்கள் ஏழெட்டுப் பேர்
என் சுவரிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.
சுவருக்கு என் உத்தரவாதம் மூன்று வருசம்.
கடனுக்கு இருபது.
இரண்டாம் மடைக்குப் பக்கத்தில்
முடி கனத்தில் ஒரு கீறல் ஓடியிருந்தது.
மறுநாள் ஒரு சட்டி சிமெண்டோடு வரவேண்டும்.
குட்டையாய் இருந்த ஒருவன்
"மாமா, ஆழமா?" என்றான்.
"குதி, உனக்குக் கழுத்தளவுதான்" என்றேன்.

பில் வந்தது,
வரி போக, வைப்புத்தொகை போக.
அன்றே ஓடினேன் கடைக்கு.
செவ்வாய்க்கிழமை என்பது வாசலில்தான் உறைத்தது.
அண்ணாச்சி எழுந்து நின்று வரவேற்றார்:
"கடன் அடைக்கச் செவ்வாய் போல உண்டா, உக்காரும்!"
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.
கல்லாவைப் பூட்டினார்.
பத்திரம்?
சந்தனப் பொட்டைக் காட்டினார்.
"இன்னைக்கு எதுவும் வெளிய போகாதுல்லா.
நாளைக்கு வாரும்வே."