ஐந்தடி இரண்டங்குலம்

துருசடி அளவுகோலில்
போன வருசப் பாசி காய்ந்து வெளுத்த கோட்டுக்கு
ஒரு ஆள் உயரம் கீழே
ஐந்தடி இரண்டங்குலம்.
எழுதுங்கோ என்கிறார் வட்டவிதானை மயில்வாகனம்.
கமக்காரர் அமைப்பின் செயலாளர் நான்.
நீலக் கொப்பியும் கசியும் பேனையும் என் பொறுப்பு.

திருகோணமலையில் இருந்து வந்த பொறியியலாளர் தம்பி
ஒருங்கிணைந்த நீர் முகாமைத்துவம் என்றார்.
அது ஒரு வரிக்குள் அடங்கவில்லை.
முறித்து, மிச்சத்தை அடுத்த வரியில் இருத்தினேன்.
குச்சவெளிக்கு இந்தப் பக்கம்
கிணற்றை நாலு முழம் கூடத் தோண்டினால்
கடல் வந்து எட்டிப் பார்க்கும்.
அதை அவருக்கு யாரும் விளக்கவில்லை.
கொடுத்த தேநீரில் ஒரு மிடறு குடித்தார்,
கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

குளத்துக்கு எத்தனை வாய் என்று எண்ணத் தொடங்கினோம்.
வயல் இருநூற்று நாற்பது ஏக்கர்.
கனகரின் எருமை நூற்றிப் பதினாறு, கன்று தனி.
திலாப்பியா வலை போடும் எட்டுத் தோணி.
கட்டுக்குக் கீழே, குளம் வற்றினால் தானும் வற்றும்
பள்ளிக்கூடக் கிணறு.
கடைசி இரண்டடியில் கை வைக்க ஏலாது,
அது ஒருத்தருக்கும் இல்லை என்றார் தம்பி,
மீனுக்கு, மாட்டுக்கு, கிணத்து ஊத்துக்கு.
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்:
ஒருத்தருக்கும் இல்லாததுக்கே இத்தனை பேரோ!

மிஞ்சியது மூன்றடி இரண்டங்குலம்.
சிறுபோகத்துக்கு நெல் இல்லை.
பயறு, கௌப்பி, ஆசைப்பட்டவர்களுக்குக் கச்சான்.
துருசுக்குக் கிட்ட அறுபது ஏக்கர் மட்டும்,
குடும்பத்துக்கு அரை ஏக்கர், சீட்டுக் குலுக்கி.
அந்த அறுபதில் பன்னிரண்டு நல்லரத்தினத்தாருடையது.
எல்லோரும் அவரைப் பார்க்காமல்
விசிறியைப் பார்த்தோம்.
அது கரண்ட் இல்லாமல் நின்றது.
கன நேரம் கழித்து, ஒரு போகத்துக்கு, என்றார்.
என்ரை வரம்பிலை ஒருத்தரும் மண்வெட்டி வைக்கப்படாது.
அதையும் எழுதினேன், அவர் சொன்னபடியே.

கடைமடை பஸீனா எழும்பி
இரவு முறையில் தனக்கும் பங்கு கேட்டாள்.
பகலில் பாதியை வெயில் குடிக்குது,
எனக்கென்ன, டோர்ச் இருக்கு.
மறுக்க வாய் திறந்த இரண்டு பேர்
கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து கதிரை அடுக்குகிற நேரம்
கனகர் சும்மா சொல்வதுபோல் சொன்னார்:
தண்ணி இறங்கின இடத்திலை ஒரு பாம்பு கிடக்கு.
கறுப்பு. இரண்டங்குல மொத்தம்.
தலை குளத்துக்குள்ளை,
வால் ஆற்றையோ வெங்காயப் பாத்திக்குள்ளை.

எவரும் கேட்கவில்லை, யாருடைய பாத்தி என்று.

இந்த வருசம் ஊரில்
எங்கள் வெங்காயம்தான் பெரிசு.
மயில்வாகனத்தாரின் மகள் கலியாணத்துக்கு
ஒரு மூடை சும்மா கொடுத்தோம்.
உரித்தவர்கள் அழுதழுது புகழ்ந்தார்கள்.

தீர்மானம் ஏழு.
குளத்தினுள் உள்ள தனியார் குழாய் அகற்றப்படும்.
உரிமையாளர்:

அதுவரை கசிந்த பேனை
அங்கே வந்து வரண்டது.
ஒரு கோடு கீறி விடலாம்.
பிறகு நிரப்புவதாகச் சொல்லலாம்.
பழைய பக்கங்களில் அப்படிப் பல கோடுகள் கிடக்கின்றன,
என் கையெழுத்திலும் இரண்டு.
கொப்பியின் மட்டையில் உரசி
மையை வரவழைத்து
அவருடைய முழுப்பெயரை எழுதினேன், தகப்பன் பெயரோடு.
முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என்னுடையதை.
வழிமொழிய
கனகர் தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தார்.

விடிய, அவர் என்னோடு பேசாமல்
குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளிருந்து
கொஞ்சம் தண்ணீர் வந்தது.
எருமைகள் அதற்கும் வந்து நின்றன.

நான் கட்டில் ஏறி அளவுகோலைப் பார்த்தேன்.
ஐந்தடி, ஒன்றே முக்கால்.
துருசு இன்னும் திறக்கவில்லை.
கூட்டத்துக்கு வராத வெயில்
தன் பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது,
கையெழுத்து வைக்காமல்.