காலி எடை

எண்ணூர் நெடுஞ்சாலையில்
எங்கள் எடைமேடைக்கு இரவு பகல் கிடையாது.
உப்பேறித் துருத்த தகரக் கூண்டு.
ஒரு மின்விசிறி, சீட்டு அச்சடிக்கும் எந்திரம்,
நான்.

வண்டி ஏறும். எண் துடிக்கும். நிற்கும்.
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
சீட்டைக் கிழித்து நீட்டுவேன்.
சரக்கை இறக்கிவிட்டு அதே வண்டி திரும்பி வரும்:
பதினாலாயிரத்து அறுநூற்று நாற்பது.
இரண்டு தரம் நிறுத்தால்தான்
உள்ளே இருந்தது எவ்வளவு என்று தெரியும்.

இழுப்பறையில் அஞ்சல்வழி எம்.ஏ. பாடநூல்.
அலகு நான்கு: கன்ஃபூசியஸ்,
கற்றலும் சிந்தித்தலும். பத்து மதிப்பெண்.
போன டிசம்பரில்
லாரிக்கு ஒரு பத்தி என்று உருப்போட்டேன்.
கமா, முற்றுப்புள்ளி உட்பட வந்தது.
தண்டையார்பேட்டைத் தேர்வுக்கூடத்தில்
கேள்வியின் வாலில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்:
‘உம் அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தருக.’
பேனா மூடியைக் கடித்தேன்.
எனக்கு ஏது அனுபவம் என்று
அலகு நான்கை அப்படியே இறக்கிவைத்துவிட்டு
பஸ் ஏறினேன்.
இரண்டு மதிப்பெண். கையெழுத்துக்காக இருக்கும்.

தேசிங்குக்குப் படிக்கத் தெரியும்,
படிக்கமாட்டார்.
துறைமுக வாயில்வரை கண்டெய்னர் வரிசை;
நகராத நேரமெல்லாம்
ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றி யோசிப்பார்.
ஏழு வருடமாக ஒரே யோசனை.
கொருக்குப்பேட்டை வீட்டில்
தம்பி இவர் பங்கை அமுக்கிவிட்டான்.
“சும்மா சொல்லலம்மே, நல்லா ரோசன பண்ணிட்டேன்.
மாடிய பூட்டியே வச்சிகிறான்.
எவனுக்கோ விக்கப் போறான், அதான்.
அவன் சிரிக்கிறதப் பாத்தாலே தெரீதே.”

பத்திரம் எங்கே என்று கேட்டேன்.
சீட்டுக்கடியில் இருந்தது,
ஆர்.சி. புத்தகத்தோடு, பிளாஸ்டிக் உறையில்,
அப்பா செத்த வருடம் கொடுத்த மடிப்புக் கலையாமல்.

கூண்டு விளக்கில் வாசித்தேன்.
இரண்டாம் பக்கம், ஐந்தாவது வரி:
மேல்மாடி முழுவதும் மூத்தவன் தேசிங்குக்கு.
இளையவனுக்குக் கீழே ஒன்றரை அறை,
குழாயில் பாத்தியதை.

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.
படித்தேன்.
பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.
“அப்ப பூட்டு…” என்றார்,
முடிக்கவில்லை.
பழைய மடிப்பு எதுவென்று தெரியாமல்
காகிதத்தை வேறு மாதிரி மடித்துக்கொண்டு
கியரைப் போட்டார்.

ஏழு வருடப் பொங்கலை நினைத்துக்கொண்டிருந்தேன்.
அவரைப் பார்த்து இரக்கப்பட
எனக்கு என்ன தகுதி என்பதையும்.
அவருடையது பிரிக்காத பத்திரம்.
நான் பிரித்துப் பிரித்துக்
கிழிந்தே போன பாடநூல்.

மூன்றேகால் மணிக்குச் சாலை வெறிச்சிட்டது.
மணலிப் பக்கம் ஆலைச் சுடர்
காற்றுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது.
புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்
மேடையின் நடுவில் நின்றேன்.
வெளிப்பலகையில் சிவப்பாக அறுபது.
புத்தகத்தை ஓரக்கல்லில் வைத்துவிட்டு வந்து நின்றேன்.
அறுபது.
இந்த மேடைக்கு இருபதின் மடங்குதான் கணக்கு.
இடையில் இருப்பது எதுவும் அதற்கு உறைக்காது.

சிரிப்பு வந்தது. நாய் ஒன்று பார்த்தது.
உள்ளே வந்து அரைப்பக்கம் படித்தேன்,
மூடினேன்.
வீணான சீட்டு ஒன்றின் முதுகில்
‘எடுத்துக்காட்டு’ என்று எழுதி
இரட்டைப் புள்ளி வைத்தேன்.

அதற்குள் ஆந்திரா வண்டி.
மிளகாய் மூட்டை. ஜன்னலைத் திறந்ததும் தும்மல்.
மூக்கைத் துடைத்துக்கொண்டே
“லோடா, காலியா?” என்றேன்,
எல்லோரிடமும் கேட்பதுதான்.
அவன் பதில் சொல்லிவிட்டான்.
நான்தான் இன்னும்
அந்தக் கேள்வியைவிட்டு இறங்கவில்லை.